காற்றுத் தோம்புக்கு வைத்த பொட்டு

புரட்டாசி முடியும் வாரத்தில் கோலா சிலாங்கூர் நிலத்திற்கு ஓர் அடக்கம் வந்து சேரும். பல நாள்களாகக் கடலோரம் தேங்கியிருந்த புகைமூட்டம் விலகிவிட, காலை வானம் துலக்கி வைத்த வெண்கலத் தட்டைப்போல் மங்கலாய் ஒளிரும். பகல் ஏற ஏற மேற்கே நீரிணையின்மேல் கருமுகில் நிரைநிரையாக எழும். நண்பகலுக்குப் பின் காற்று சற்றே நின்றுவிடும். செம்பனை மட்டைகள் அசைவற்று நோன்பிருக்கும். பிறகு தொலைவில் முரசறைந்தாற்போல் ஓர் இடி. அதன் பின்னே மழை. மழை ஓய்ந்தபின் அந்த ஈரக்காற்றில் தோட்டத்துக் கோயில் மணியின் ஓசை வழக்கத்தினும் நெடுந்தொலைவு செல்லும். பெருமாளுக்கு விரதம் காக்கும் வீடுகளில் உணவும் சுருங்கும், பேச்சும் சுருங்கும். ஒன்பது நாள் அம்மையைப் பாடிய குரல்கள் சற்றே கம்மியிருக்கும். பத்தாம் நாளின் வெற்றியை எதிர்நோக்கி ஊர் பொறுமையோடு அமர்ந்திருக்கும்.

அவ்வாண்டு அந்தப் பத்தாம் நாளுக்காக லோகேஸ்வரி மற்றவரினும் ஆவலாய்க் காத்திருந்தாள். அவள் காத்திருந்தது ஒரு விளையாட்டுப் போட்டிக்கு.

ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே பணிபுரியும் பெண்கள் ஐவரும் மாற்று ஆட்டக்காரி ஒருத்தியும் சேர்ந்து ஒரு பெயிண்ட்பால் குழு அமைத்திருந்தனர், தலைவி அவள்தான். வண்ணக்குழம்பு அடைத்த சிறு உருண்டைகளைக் காற்றின் விசையால் எய்து, எதிர்க்குழுவின் கொடியைக் கவர்ந்து வருவது ஆட்டம். மூன்றாண்டு முயன்று அவர்கள் முதன்முறையாக இறுதிநாள் ஆட்டங்களுக்குத் தேறியிருந்தனர். அது விஜயதசமியன்று காலை என்று குறித்திருந்தார்கள். ஆனால் லோகேஸ்வரியின் வலத்தோளில் தசைநார் கிழிந்திருந்தது. கார்த்திகையில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் தோளில் எதையும் சாய்த்துப் பிடிக்கலாகாது என்பது மருத்துவர் சொல். ஆகவே இதுவே அவளுக்குக் கடைசிப் போட்டி. அதில் ஆடித் தீரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

களத்தில் இரவலாகத் தரும் தோம்பு, அதாவது காற்று உருளை, அவளுக்குப் பெருஞ்சுமை. சமையல் எரிவாயுத் தோம்பின் கடைக்குட்டித் தங்கையைப்போல் இருக்கும் அந்தக் காற்றுத் தோம்பு, துப்பாக்கியின் பின்புறம் பொருந்தி, ஆடுபவரின் தோளில் சாய்ந்து நிற்கும். எனவே போட்டிக்கு மூன்று வாரம் முன்பாக, தனக்கென ஒரு தோம்பும் அதற்கொரு ரெகுலேட்டரும் தேர்ந்தெடுக்க அவள் ஆட்டக்களத்திற்குப் போனாள். மறுநடவுக்காகச் செம்பனை சாய்க்கப்பட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில், கோலா சிலாங்கூர் சாலையை ஒட்டி அக்களம் இருந்தது. அதை நடத்தியவர் தனபாலன். முன்பு கடலில் மூழ்குவோருக்குக் காற்று நிரப்பும் வேலையில் பல்லாண்டு இருந்தவர். லோகேஸ்வரியோடு குழுவின் மாற்று ஆட்டக்காரி நித்தியாவும் வந்திருந்தாள்.

தனபாலன் தகரக் கொட்டகையின் மேசைமேல் ஓர் அலுமினியத் தோம்பை வைத்தார்.

"மொதல்ல இதத் தோள்ல சாய்ச்சுப் பிடிங்க. ஒரு ஆட்டம் ஏழு நிமிஷம். ஏழு நிமிஷம் நின்னுட்டீங்கன்னா இதுவே போதும், வேற எதுவும் வேணாம்."

லோகேஸ்வரி துப்பாக்கியில் அதை மாட்டித் தோளில் ஊன்றி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மூன்றாம் நிமிடத்தில் முழங்கை நடுங்கத் தொடங்கிற்று.

"அக்கா, இந்தக் கையாட்டத்துக்கு நீங்க தே தாரேக் டீ ஆத்தலாம் லா. நல்லா நுரை வரும்," என்றாள் நித்தியா.

"வாய மூடு லா. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எண்ண வேணாம், இறக்குங்க," என்று தனபாலன் அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்ததை நித்தியா கொண்டுவந்திருந்தாள். கைப்பேசி விளம்பரத்தில் கண்டு, பார்த்துவிட்டுத் தருவதாக ஒருவரிடம் வாங்கிவந்தது. கார்பன் இழை சுற்றிய மேனி. அதன்மேல் சீறும் புலி ஓவியம். தூக்கினால் இறகுபோல் இருந்தது. லோகேஸ்வரி புலியைப் பார்க்கவில்லை. தோம்பைத் திருப்பி, பசைக்கு அடியில் புதைந்திருந்த சிறு எழுத்துகளை விளக்கொளியில் வாசித்தாள்.

"பதினாறு வருஷம் ஆச்சு அண்ணே, இதச் செஞ்சு."

"இந்த வகைக்கு ஆயுசே பதினஞ்சுதான்," என்றார் தனபாலன்.

"ஒரே ஒரு வருஷம்தானே கூட?" என்றாள் நித்தியா. "புலி எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

"கையுறையில ஒரே ஒரு ஊசித்துளைதானேன்னு நான் விட்டா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா? திருப்பிக் கொடுத்துடு."

மூன்றாவதும் இழை சுற்றியதே. செய்து நான்காண்டு, நீரழுத்தச் சோதனைக்குச் சென்ற ஆண்டு முத்திரை இருந்தது. அலங்காரம் ஏதும் இல்லை. அதைத் தோளில் ஊன்றி லோகேஸ்வரி ஏழு நிமிடமும் நின்றாள். வலி இருந்தது, நடுக்கம் வரவில்லை.

"இனிமே ரெகுலேட்டர்," என்று தனபாலன் இரண்டை எடுத்து வைத்தார். "தோம்புக்குள்ள நாலாயிரத்து ஐந்நூறு பவுண்டு அழுத்தம் நிக்குது. அத அப்படியே துப்பாக்கிக்குள்ள விட்டா உள்ளயிருக்கிற சீலெல்லாம் பறந்துடும். நடுவுல நின்னு அளந்து விடுற மண்டோர், கங்காணி, இவன்தான். உங்க துப்பாக்கிக்கு நானூத்தைம்பது போதும். எண்ணூறும் ஓடும், ஆனா உதைக்கும். உதை எங்க விழும்னு உங்களுக்கே தெரியும்."

இரண்டும் நானூற்றைம்பதுக்கு உரியவையே. ஒன்று பளபளக்கும் நீலம், மற்றொன்று கறுப்பு. ஒவ்வொன்றையும் மாட்டிச் சுட்டுப் பார்த்தபோது நித்தியாவின் கண் நீலத்தின்மேல் இருந்தது. லோகேஸ்வரியின் கண்ணோ அழுத்தமானியின் முள்மேல் இருந்தது. நீலத்தில் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் முள் தன் இடத்துக்குத் திரும்பி, பின்பு யாரும் கேளாமலே மெல்ல மெல்ல மேலேறிற்று. கறுப்பில் அது திரும்பிய இடத்திலேயே நின்றது.

"கறுப்பு," என்றாள்.

"முள்ளப் பாத்துட்டீங்க," என்று தனபாலன் மகிழ்ந்தார். "நானா சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

ரெகுலேட்டரைத் தோம்பின் கழுத்தில் முடுக்கிக் கொடுக்கையில் அவர் அதன் பக்கவாட்டில் நீட்டியிருந்த சிறு மூக்கைத் தொட்டுக் காட்டினார். "துப்பாக்கி என் அலமாரிய விட்டு வெளிய போகாது. அது சட்டம். தோம்பு உங்களோடது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. காத்து ஏத்துற வாய் இது. இதுல எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. அழுத்தத்தோட காத்து உள்ள பாயறப்ப சூடு பொறக்கும். எண்ணெய் இருந்தா உள்ளயே பத்திக்கும். அப்ப எதிர்ல நிக்கிறவன் மூஞ்சிக்கு உத்தரவாதம் கிடையாது. எதிர்ல நிக்கிறவன் நான்தான்."

மூன்று வாரம் அவள் அத்தோம்பைக் கைக்குழந்தையைப்போல் பேணினாள்.

ஆயுத பூஜைக்கு அவளும் கணவன் திலீப்பும் வழக்கம்போல் மாமனார் அப்பளசாமியின் வீட்டிற்குச் சென்றனர். கோலா சிலாங்கூரிலிருந்து சிறிது உள்ளே தள்ளிய தோட்டம் அது. செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற அப்பளசாமி ஆண்டு முழுதும் எதிலும் முந்துபவர் அல்லர்; அந்த ஒரு நாள் மட்டும் அவரே தலைமைப் பூசாரி. குலை வெட்டும் நீண்ட அரிவாள்கள், மண்வெட்டி, அண்டை வீட்டாரின் புல்வெட்டும் இயந்திரம், திலீப் ஓட்டும் லோரியின் சாவியும் திருப்புளிகளும் எல்லாம் வெள்ளைத் துணியின்மேல் வரிசை பெற்றன. லோகேஸ்வரி தன் தோம்பையும் கொண்டுவந்து, அரிவாள்களுக்கு அருகே தன் கையாலேயே வைத்தாள். அவளுக்கும் ஓர் ஆயுதம் உண்டு என்பதில் மாமனாருக்கு மிகுந்த பெருமிதம்.

சமையலறையில் கொண்டைக்கடலையை வடித்துவிட்டு அவள் திரும்பியபோது தோம்பு மின்னியது. சந்தனம் மூன்று இடத்தில். சந்தனத்தின் நடுவே குங்குமம். அடியில், கழுத்தில், ரெகுலேட்டரின் மேல் எல்லாம் ஈர மினுக்கம்.

"பாத்தியா தாயி. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது," என்றார் அப்பளசாமி.

"எண்ணெய் எங்கெங்க மாமா வெச்சீங்க?"

"எல்லா எடத்துலயும்தான். இரும்ப வறண்ட மேனியா சாமி முன்னால வைக்கக்கூடாது. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான். அந்தச் சின்ன மூக்கு இருக்கே, அதுக்குள்ளகூட ரெண்டு சொட்டு விட்டேன். துரு ஏறாது."

அவர் கற்பூரம் ஏற்றிக் கைகுவித்துக் கண்மூடினார்; அவளும் கைகுவித்தாள். மனம் மட்டும் குவியவில்லை.

பிற்பகலில், மழை பெய்துகொண்டிருக்கையில், பழைய துணியால் தோம்பைத் துடைத்தாள். பிறகு காகிதக் கைக்குட்டையைத் திரியாக்கி அந்த மூக்கின் வாயைத் துடைத்தாள். திரியில் முதலில் மஞ்சள் கறை வந்தது, பின் வரவில்லை. கண்ணுக்கு எல்லாம் தூய்மை. திலீப் அருகில் வந்து அமர்ந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"துடைச்சுட்டியே, அப்புறம் என்ன?"

"உள்ள போயிருக்கும்ங்க."

"ரெண்டு சொட்டு லா, லோகா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்குத்தான் அவரு குளிச்சுத் தயாரா இருக்கிறாரு."

அவள் தோம்பைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். சொன்னால் தோம்பை நிரப்பமாட்டார்கள். நிரப்பாவிட்டால் அலுமினியத் தோம்பு. அலுமினியம் என்றால் மூன்று நிமிடம். இந்தக் கணக்கை அவள் பலமுறை போட்டாள். விடை மாறவில்லை.

விஜயதசமிக் காலை தெளிவாக விடிந்தது. களத்தில் எட்டுக் குழுக்கள் திரண்டிருந்தன. ரவாங், கோலா குபு பாரு, அம்பாங் பெச்சா என்று பல திசையிலிருந்தும் வந்திருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். நெற்றிகளில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. மருமகள் ஆடுவதைப் பார்க்க அப்பளசாமியும் வெள்ளைச் சட்டையணிந்து வந்து, கொட்டகை ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

காற்று ஏற்றும் வரிசையில் லோகேஸ்வரி நான்காவதாக நின்றாள். தனபாலன் ஒவ்வொரு தோம்பாக வாங்கி, வாயைத் துணியால் ஒருமுறை துடைத்து, குழாயைப் பொருத்தி, வால்வை மெல்லத் திருகினார். முள்ளைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் அவர் குனிந்தார். குனியும்போது அவர் முகத்துக்கும் தோம்புக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அதை அவர் தோளாலேயே ஏற்றிவிட்டுக்கொண்டார். முதல் தோம்பு முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"குடுங்க தலைவி," என்று அவர் கைநீட்டினார்.

அவள் தோம்பைக் கொடுக்கவில்லை. "இதுல எண்ணெய் பட்டிருக்கு அண்ணே."

நீட்டிய கை நின்றது. "எங்க?"

"வாயில. துடைச்சுட்டேன். ஆனா உள்ள போயிருக்கும்."

"எப்படிப் பட்டுச்சு?"

"பூஜையில," என்றாள். யார் கையால் என்று அவள் சொல்லவில்லை.

பின்னால் நின்ற நித்தியா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, இது இல்லாம எப்படி ஆடுவீங்க?"

தனபாலனின் பார்வை லோகேஸ்வரியைத் தாண்டி வரிசை முழுவதும் சென்றது: நெற்றிகளின் திருநீறு, ஒருவன் தோம்பின் அடியில் காய்ந்திருந்த சந்தனம், இன்னொருவன் பையில் தொங்கிய எலுமிச்சை. நேற்று என்ன நாள் என்பது அப்போதுதான் அவருக்குப் படிப்படியாக விளங்கிற்று. அவர் வால்வை இறுக மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. நேத்து ஆயுத பூஜையில யார் யார் வீட்டுல தோம்புக்கு எண்ணெய் வெச்சாங்க? மறைக்காம கை தூக்குங்க. நான் யாரையும் திட்டமாட்டேன்."

ஒருவரும் அசையவில்லை. இளைஞர்கள் தத்தம் காலணிகளைப் பார்த்தார்கள். அந்த அமைதியில் கொட்டகை ஓரத்து நாற்காலி கிறீச்சிட்டது. அப்பளசாமி எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளையைப்போல் வலக்கையை உயர்த்தினார்.

"நான்தான் வெச்சேன் தம்பி. என் மருமக வெக்கல. அதுக்குள்ளயே ரெண்டு சொட்டு விட்டேன்."

லோகேஸ்வரி தலைகுனிந்தாள். அவள் காக்க நினைத்ததை அவரே அத்தனை பேர் முன்னிலையில் எடுத்து வைத்துவிட்டார்.

பெரியவர் கை உயர்ந்தபின் மற்றக் கைகளுக்குத் தயக்கம் போயிற்று. "எங்கம்மா நல்லெண்ணெய் தடவுனாங்க ணே." "எங்க வீட்டுல விளக்கெண்ணெய்." "நானே ஆலிவ் எண்ணெய் வெச்சேன், அதுதான் தரமா இருந்துச்சு." மூன்றாவதாக நின்று ஏற்கெனவே காற்றேற்றிக்கொண்ட ஓர் இளைஞன், தன் தோம்பைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ணே," என்றான்.

தனபாலன் அதை இரு கையாலும் வாங்கி, மணல் மூட்டைகளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்து, காற்றைச் சிறுகச் சிறுக வெளியேற்றினார். திரும்பி வந்து முக்காலியில் அமர்ந்து முகத்தைத் துடைத்தார்.

"தசமியும் அதுவுமா என்னை நேரா அம்மாகிட்டயே அனுப்பி வைக்கலாம்னு இருந்தீங்க போல," என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்து தோம்புகள் ஒதுக்கப்பட்டன. காற்றை வடித்து, ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளுறுப்புகளைக் கழுவி, சீல்களை மாற்றினால்தான் அவை மீண்டும் நிரப்பத் தகும். இரண்டு வாரம் ஆகும். களத்தின் அலுமினியத் தோம்புகளை எல்லாக் குழுக்களும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளவும், காற்றுப் போதாமையால் ஆட்டங்களை ஐந்து நிமிடமாகக் குறைக்கவும் முடிவாயிற்று.

லோகேஸ்வரி முதல் ஆட்டத்தில் இறங்கினாள். அலுமினியம் தோளில் அமர்ந்ததுமே சுமை தெரிந்தது. நட்டுவைத்த பலகைகளுக்கு இடையே அவள் இரண்டு முறை முன்னேறினாள், ஒருத்தியை வீழ்த்தினாள். மூன்றாம் நிமிடத்தில் கை தாழ்ந்தது. தாழ்ந்த கையைத் தூக்க முயன்ற நேரத்தில் மஞ்சள் உருண்டை ஒன்று அவள் மார்புக்கவசத்தில் வெடித்தது. கையுயர்த்தி வெளியேறினாள். அவள் விட்ட இடத்தில் மற்ற நால்வரும் புகுந்து கொடியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தன் எண் பொறித்த மேற்சட்டையைக் கழற்றி நித்தியாவிடம் நீட்டினாள்.

"அக்கா, இன்னும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன்."

"கை எழும்பல நித்தியா. நீ போ. இடது பக்கம் ஓடுறப்ப தலையத் தூக்காத. தூக்குனா அப்புறம் நாந்தான் தே தாரேக் ஆத்தி உனக்குக் குடுக்கணும்."

நித்தியா சிரிக்க முயன்று, முடியாமல், சட்டையை அணிந்துகொண்டு ஓடினாள். அடுத்த சுற்றில் அவர்கள் ஒரே கொடி வேறுபாட்டில் தோற்றார்கள்.

பனிக்கட்டிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு லோகேஸ்வரி கொட்டகைக்கு வந்தபோது, அப்பளசாமி ஒதுக்கி வைத்த ஐந்து தோம்புகளின் எதிரே தனியாக அமர்ந்திருந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்தே பாத்துட்டல்ல?" என்றார் அவர்.

"பாத்தேன் மாமா."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

மேற்கே முகில் திரளத் தொடங்கியிருந்தது. களத்தில் வண்ணம் பட்ட பலகைகளை யாரோ நீர்விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இது கடைசி ஆட்டம்னு திலீப்பு சொன்னான்."

"ஆமா மாமா. மூணு நிமிஷம் ஆடிட்டேன். ஒருத்திய அடிச்சேன், பாத்தீங்களா?"

"பாத்தேன். பச்சை உடுப்பு." அவர் குரல் சிறிது இளகிற்று. பிறகு ரெகுலேட்டர்களைக் கழற்ற வந்த தனபாலனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இந்தச் சாமானுக்கு அப்ப எப்படித்தான் பூஜை போடுறது?"

தனபாலன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தொடாம கும்பிடுங்க ஐயா. அதுக்கு அது போதும்னு நினைக்கிறேன்."

அப்பளசாமி எழுந்து வெளிக்குழாய்க்குச் சென்றார். சவர்க்காரம் போட்டு இரு கையையும் முழங்கைவரை கழுவினார், மறுபடியும் கழுவினார், தோள்துண்டால் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்தார். திரும்பி வந்து, தோம்புகளிலிருந்து ஒரு முழம் விலகி நின்று, கண்மூடி, இரு கையையும் நெஞ்சின்முன் குவித்தார். உதடு அசைந்தது, சொல் கேட்கவில்லை. லோகேஸ்வரியும் எழுந்து, உயர்த்த முடிந்த அளவுக்கு வலக்கையை உயர்த்தி, இடக்கையோடு சேர்த்தாள். தனபாலன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவர்களுக்குப் பின்னே நின்றார்.

கண்திறந்த அப்பளசாமி அந்தத் தூய கையை மருமகளின் தலைமேல் வைத்தார்.

"உன் தோளு நல்லா ஆகணும் தாயி. இந்தத் தம்பி கண்ணும் கையும் நூறு வயசு நோவில்லாம இருக்கணும். இங்க வந்த புள்ளைங்க எல்லாம் சுகமா வீடு போய்ச் சேரணும். அம்மா காப்பாத்தட்டும்."